முக்கால் மணி நேரத்தில் காத்து வாங்குற போர்வெல்: ரெண்டாவது போர் போடுறதா, இருக்கிறதை அளக்கிறதா? (திருமங்கலம் பக்கம்)

பதிவு 1: திருமங்கலம்_12வீடு

வணக்கம். திருமங்கலத்துக்குத் தெற்கே, கரிசல் நிலத்தில் கட்டின அடுக்குமாடி. 12 வீடு, 48 பேர். ஒரே போர்தான். ஆறரை இஞ்ச், 420 அடி ஆழம், கேசிங் (மேல் மண் சரியாம இருக்கப் போடுற குழாய்) 60 அடி. 2 ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் சப்மெர்சிபிள் மோட்டார் (தண்ணிக்குள்ள மூழ்கி ஓடுறது) 280 அடியில் தொங்குது. ஓட ஆரம்பிச்சு முக்கால் மணி நேரத்தில் குழாயில் காத்தும் தண்ணியுமா வருது. கீழே 12,000 லிட்டர் சம்ப் இருக்கு. காம்பவுண்டுக்குள்ளேயே வற்றிப்போன பழைய போர் ஒன்று, 180 அடி. மொட்டை மாடி 6,000 சதுர அடி.

கையில் மூன்று யோசனை. ஒன்று, வடகிழக்கு மூலையில் தேங்காய் வைத்துப் பாயிண்ட் பார்த்திருக்காங்க, அங்கே 1,000 அடி போடலாம்னு ஒரு ஏஜென்ட் சொல்றார். ரெண்டு, தண்ணீர் உப்பு என்பதால் கட்டடம் முழுக்க ஆர்.ஓ. வைக்கச் சொல்லி ஒரு கம்பெனி விலைப்புள்ளி தந்திருக்கு. மூணு, ஒன்றும் செய்யாமல் லாரித் தண்ணி. சங்கக் கூட்டத்துக்கு முன்னாடி எந்த வேலையை யாரிடம் முதலில் கொடுக்கணும்னு தெரிஞ்சுக்கணும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதிவு 2: ரிக்_மேலூர்

தம்பி, போர் வண்டியைக் கூப்பிட அவசரப்படாதீங்க. வண்டி ஓட்டுற ஆளுங்க பக்கத்திலிருந்தே இதைச் சொல்றேன். முக்கால் மணி நேரம் ஓடுதுன்னா போர் செத்துப்போகலை. ஊத்து எவ்வளவு தருதுன்னு யாரும் அளந்து பார்க்கலை, அவ்வளவுதான்.

முதல் வேலை, பழைய போர் போட்டப்ப எழுதின கணக்கு இருக்கான்னு தேடுங்க. எத்தனாவது அடியில் ஈரம் கண்டுச்சு, எங்கே முதல் ஊத்து, எங்கே ரெண்டாவது, மொத்தம் எத்தனை இஞ்ச் தண்ணின்னு. பில்லில் ‘2 இஞ்ச்’னு போட்டிருந்தா அது குழாய் அளவு இல்லை. போர் வாயிலிருந்து வர்ற தண்ணியை வாய்க்கால் வெட்டி, 90 டிகிரி வி வடிவத் தகட்டு வழியா விட்டு, அந்த வெட்டில் தண்ணி நிக்கிற உயரம். 1 இஞ்ச்னா மணிக்குச் சுமார் 500 லிட்டர். 2 இஞ்ச்னா ஆயிரம்னு நினைச்சுக்கிறாங்க. இல்லை, சுமார் 2,900. 3 இஞ்ச் சுமார் 8,000. உயரம் ரெண்டு மடங்கானா ஓட்டம் அஞ்சரை மடங்குக்கு மேல ஏறும். அதனாலதான் கால் இஞ்ச் தப்பாப் பார்த்தாலும் கணக்கு கவிழ்ந்துபோகும். தகடு இல்லாம வாய்க்காலைக் கண்ணால பார்த்துச் சொன்ன ‘ரெண்டு இஞ்ச்’சை நம்பி மோட்டார் எடுக்கக் கூடாது.

பதிவு 3: பாறைப்படி

ஆயிரம் அடி யோசனையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மதுரை மாவட்டத்தின் பெரும்பகுதி கெட்டிப் பாறை: நைஸ், சார்னோக்கைட், இடையிடையே கிரானைட். வைகைக் கரையை ஒட்டிய குறுகலான வண்டல் பட்டையை விட்டுவிட்டால், தண்ணீர் இரண்டே இடத்தில்தான் இருக்கும். ஒன்று, மேலே உள்ள மக்கிய பாறை. மற்றொன்று, அதன் கீழே உள்ள வெடிப்புகள். பாறைக்குள் ஆறு ஓடுவதில்லை. வெடிப்பு கிடைத்தால் தண்ணீர், பத்தடி தள்ளிப் போட்டால் வெறும் புகை. ஆழம் கூடக் கூட மேலிருக்கும் பாறையின் பாரத்தால் வெடிப்புகள் இறுகும். 600 அடிக்குக் கீழே ஊற்றே கிடைக்காது என்று சொல்ல முடியாது, ஆனால் ஒவ்வொரு நூறு அடிக்கும் வாய்ப்பு குறைகிறது, அடி விலையோ ஏறுகிறது. ஆழத்துத் தண்ணீர் பாறையோடு அதிக காலம் தங்கியது என்பதால் அதில் ஃபுளோரைடும் உப்பும் கூடுதலாக வரலாம்.

நிலத்தடித் தண்ணீரைத் தேடும் மின்தடை ஆய்வு பற்றியும் கேட்பீர்கள். நான்கு கம்பிகளை ஒரே நேர்கோட்டில் நட்டு, வெளிக்கம்பிகள் இரண்டில் மின்சாரம் செலுத்தி, உள்கம்பிகள் இரண்டில் மின்னழுத்தத்தை அளப்பது அது. ஸ்லம்பெர்ஜர் முறையில் வெளிக்கம்பி ஒவ்வொன்றும் நடுப்புள்ளியிலிருந்து 150 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். அதாவது 300 மீட்டர் நேர்கோடு தேவை. அப்படி விரித்தாலும் ஏறக்குறைய 75 முதல் 100 மீட்டர் ஆழம் வரைதான் தெளிவாகப் பேசும். உங்கள் காம்பவுண்டுக்குள் 30 மீட்டர் கோடுகூடக் கிடைக்காது. அந்த இடத்தில் கம்பி நட்டு ‘ஆயிரம் அடிக்கு ரிப்போர்ட்’ தருகிறேன் என்பவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: வெளிக்கம்பி எவ்வளவு தூரம் போனது?

கரிசலில் இன்னொரு பொறி இருக்கிறது. புதிய கெட்டிப் பாறை 1,000 ஓம் மீட்டருக்கு மேல் காட்டும். தண்ணீர் உள்ள மக்கிய பாறை பெரும்பாலும் 30 முதல் 150க்குள் வரும். ஆனால் களிமண்ணும் உப்புத் தண்ணீரும் 10க்குக் கீழே இழுத்துவிடும். கரிசலில் குறைந்த மின்தடை தெரிந்ததும் தண்ணீர் என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. நல்ல அறிக்கையில் கம்பி விரித்த தூரமும் ஒவ்வொரு தூரத்துக்கும் வந்த அளவும் அட்டவணையாக இருக்கும். ‘பாயிண்ட் ஏ, 3 இஞ்ச்’ என்று ஒற்றை வரி எழுதிய தாள் அறிக்கை ஆகாது. விவசாய நிலமாக இருந்தால் வேளாண்மைப் பொறியியல் துறையே கட்டணம் வாங்கிக்கொண்டு இந்த ஆய்வைச் செய்து தருகிறது.

தேங்காய், வேப்பங்குச்சி பற்றி: மக்கிய பாறையில் கொஞ்சமாவது தண்ணீர் பல இடங்களில் இருப்பதால் எங்கே குத்தினாலும் ஈரம் காணும், பாயிண்ட் பலித்ததாகத் தோன்றும். எவ்வளவு தண்ணீர், எத்தனை நாளைக்கு என்பதைத் தேங்காய் சொல்லாது.

பதிவு 4: ஸ்டேஜ்பம்ப்

சார், நீங்க முதலில் காசு கொடுக்க வேண்டிய வேலை ஈல்டு டெஸ்ட், அதாவது போர் மணிக்கு எவ்வளவு தண்ணி தருதுன்னு பார்க்கிற சோதனை. வெளியாளைக் கூப்பிட்டா ஒரு நாள் வேலை. சங்கத்தில் ரெண்டு பேர் இருந்தா நீங்களே செய்துக்கலாம். செய்முறை இதுதான்.

முந்தின நாள் இரவு முதல் குறைஞ்சது 10 மணி நேரம் மோட்டார் போடாதீங்க. காலையில் நீர்மட்டம் தரையிலிருந்து எத்தனை அடி கீழே இருக்குன்னு அளங்க, அதுதான் நிலை மட்டம். அளக்க, முனையில் சென்சார் உள்ள டேப் வாடகைக்குக் கிடைக்கும், தண்ணி தொட்டதும் பீப் அடிக்கும். டேப்பை வெறுமனே போருக்குள் விட்டா மோட்டார் கேபிளில் சுத்திக்கும், அப்புறம் டேப்போட மோட்டாரையும் தூக்கணும். மோட்டார் இறக்கும்போதே முக்கால் இஞ்ச் குழாய் ஒன்றை, அடிமுனை திறந்தபடி, மெயின் பைப்போட கட்டி இறக்கிட்டா டேப் அதுக்குள்ள சிக்காம போகும்.

சம்ப்புக்குப் போற குழாயைக் கழட்டி 20 லிட்டர் பக்கெட்டில் பிடிங்க. போன் ஸ்டாப்வாட்ச் போதும். 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை பக்கெட் நிறைய எத்தனை விநாடி, மட்டம் எத்தனை அடி, ரெண்டையும் நேரத்தோட எழுதுங்க. காத்து வந்ததும் மோட்டாரை உடனே நிறுத்துங்க. நிறுத்தின பிறகுதான் உண்மையான டெஸ்ட் ஆரம்பிக்குது: மட்டம் எவ்வளவு வேகமா ஏறுதுன்னு 2 மணி நேரம் எழுதணும். பல பேர் இந்தப் பாதியை விட்டுட்டு டீ குடிக்கப் போயிடுறாங்க.

பதிவு 5: ரிக்_மேலூர்

அதோட கூட ஒரு வெயிட்டைக் கயிற்றில் கட்டி, மோட்டார் தூக்கியிருக்கும் சமயத்தில் அடி ஆழத்தையும் பாருங்க. 420 போட்ட போர் வண்டல் இறங்கி 340ல் நிக்கலாம். அப்படின்னா கம்ப்ரஸர் வச்சு ஃப்ளஷிங் பண்ணினாலே (காத்தை அழுத்தி வண்டலை வெளியே தள்ளுறது) அடைபட்ட ஊத்து திறக்கலாம். சந்தேகமா இருந்தா போர் கேமரா இறக்கிப் பாருங்க. கேசிங் உடைஞ்சிருக்கா, ஊத்து எந்த அடியில் வழியுதுன்னு கண்ணால தெரிஞ்சுடும்.

பதிவு 6: திருமங்கலம்_12வீடு

அண்ணன் சொன்னபடி செய்தாச்சு. 11 மணி நேரம் ஓய்வு கொடுத்தோம். கால்வாயில் தண்ணீர் இல்லாத நேரம், மழையும் இல்லை.

நிலை மட்டம் 70 அடி. ஆரம்பத்தில் 20 லிட்டர் பக்கெட் 22 விநாடியில் நிறைஞ்சது, முடிவில் 31 விநாடி. மட்டம்: 15 நிமிஷத்தில் 150 அடி, 30 நிமிஷத்தில் 215, 45 நிமிஷத்தில் 270, காத்து வந்தது, நிறுத்திட்டோம். மொத்தமா எடுத்தது 2,070 லிட்டர்னு கூட்டினோம்.

ஏற்றம்: 10 நிமிஷத்தில் 242 அடி, 20ல் 215, 30ல் 189, 60ல் 122, 90ல் 88, 120ல் 77.

அடி ஆழம் 412. ஆக வண்டல் அதிகம் இல்லை.

பதிவு 7: ஸ்டேஜ்பம்ப்

சுத்தமான டெஸ்ட். இப்ப கணக்கைப் பாருங்க.

ஆறரை இஞ்ச் போரில் ஒரு அடி உயரத்துக்கு ஆறரை லிட்டர் தண்ணி நிக்கும். இந்த எண்ணை எல்லாரும் மனசில் வச்சுக்கலாம். மட்டம் 70லிருந்து 270க்கு இறங்கினது 200 அடி, அதாவது 1,300 லிட்டர். இது ராத்திரி முழுக்கத் தேங்கி நின்ன தண்ணி. நீங்க எடுத்தது 2,070. மீதி 770 லிட்டர்தான் அந்த 45 நிமிஷத்தில் ஊத்து கொடுத்தது. நிமிஷத்துக்கு 17 லிட்டர்.

இப்ப ஏற்றத்தைப் பாருங்க. முதல் அரை மணி நேரத்தில் நிமிஷத்துக்கு 2.7 அடி. ஆறரையால் பெருக்கினா நிமிஷத்துக்குப் பதினேழரை லிட்டர். ரெண்டு வழியிலும் ஒரே விடை வருது, டெஸ்ட்டை நம்பலாம். மணிக்குச் சுமார் 1,000 லிட்டர் ஊத்து.

உங்க தேவை எவ்வளவு? ஆளுக்கு 135 லிட்டர்னு வச்சா 48 பேருக்கு ஒரு நாளைக்கு 6,480 லிட்டர். மணிக்கு 1,000 தர்ற போரில் இது ஆறரை மணி நேர ஊத்து. போரில் குறை இல்லை சார். மணிக்கு 3,000 இழுக்குற மோட்டாரை 1,000 தர்ற ஊத்து மேல மாட்டியிருக்கீங்க. அது தேங்கினதைக் குடிச்சுட்டுக் காத்து வாங்குது.

பதிவு 8: ரிக்_மேலூர்

கணக்கு சரி. ஆனா ஒன்னு பார்க்கணும். நிறுத்தினதும் என்.ஆர்.வி. வால்வு (தண்ணி திரும்பக் கீழே இறங்காம தடுக்கிறது) லீக் ஆனா மெயின் பைப்பில் நிக்கிற தண்ணி திரும்பப் போருக்குள்ள விழும். 280 அடி ஒன்னேகால் இஞ்ச் பைப்பில் சுமார் 70 லிட்டர் நிக்கும். அது மட்டும் 10 அடி மட்டத்தை ஏத்திக் காட்டும். ஊத்துன்னு நினைச்சு ஏமாந்துடக் கூடாது.

பதிவு 9: ஸ்டேஜ்பம்ப்

நல்ல கேள்வி அண்ணே. அது லீக் ஆகியிருந்தா முதல் 10 நிமிஷம் மட்டும் வேகமா ஏறி அப்புறம் படக்குனு குறையும். இங்க 28 அடி, 27 அடி, 26 அடின்னு சீரா வருது. வால்வு நல்லாத்தான் இருக்கு.

ஏற்றம் கடைசியில் மெதுவாகுறதையும் பாருங்க. 122லிருந்து 88க்கு வர அரை மணி நேரம், அப்ப ஊத்து மணிக்கு 440 லிட்டர்தான். மட்டம் நிலைக்கு நெருங்க நெருங்க ஊத்துக்குத் தள்ளுற அழுத்தம் குறையும். போரை நிறையவிட்டு ஒரேயடியா இழுக்கிறதைவிட, நடு மட்டத்தில் வச்சுக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்தா நாள் முழுக்க அதிகம் கிடைக்கும்.

செய்ய வேண்டியது: ஒரு சைக்கிளிக் டைமர். மணிக்கு 12 நிமிஷம் ஓட்டு, 48 நிமிஷம் நிறுத்து. ஒரு ஓட்டத்துக்கு 600 லிட்டர், 11 ஓட்டத்தில் 6,600. மட்டம் தோராயமா 90 அடிக்கும் 160 அடிக்கும் நடுவில் ஆடும், 280ல் இருக்கிற மோட்டார் காத்தைப் பார்க்கவே பார்க்காது. சம்ப் 12,000 இருக்கிறதால ராத்திரி ஓட்டத்தையும் சேமிக்கலாம். மே மாசம் ஊத்து பாதியானாலும் 8 நிமிஷ ஓட்டம், 17 மணி நேரம்னு மாத்தினா 6,800 வந்துடும்.

ட்ரை ரன் ரிலே கட்டாயம். இப்ப ஓடும்போது ஆம்பியர் எவ்வளவுன்னு பேனலில் பாருங்க. 13 காட்டினா 10க்குக் கீழே போனதும் நிறுத்துற மாதிரி வையுங்க. தண்ணி இல்லாம சுத்தினா மோட்டாருக்கு லோடு குறையும், ஆம்பியர் இறங்கும். அதைப் பிடிக்கிறதுதான் அந்த ரிலே வேலை. ‘மோட்டார் எரிஞ்சுபோச்சு’ன்னு வர்றதில் நிறைய இந்த ரிலே இல்லாம, இல்லைன்னா தப்பா செட் பண்ணி வந்தது.

பதிவு 10: திருமங்கலம்_12வீடு

கேட் வால்வைப் பாதி மூடி ஓட்டினா போதாதான்னு ஒருத்தர் கேட்கிறார். டைமர் வாங்க வேண்டாமேன்னு.

பதிவு 11: ஸ்டேஜ்பம்ப்

கொஞ்சம் மூடலாம். ரொம்ப மூடினா மோட்டார் உடம்பைச் சுத்தி ஓடுற தண்ணி குறைஞ்சு சூடாகும், வைண்டிங் போகும். மணிக்கு 1,000க்கு இறக்குற அளவு மூடினீங்கன்னா அந்த 2 ஹெச்பி கரண்ட்டில் பெரும்பகுதி வால்விலேயே வீண். அடுத்த தடவை மோட்டார் மாத்த வேண்டி வந்தா சின்னதா எடுங்க: ஓட்ட மட்டம் 180 அடி, ஓவர்ஹெட் டேங்க் உயரம் 40 அடி, உராய்வுக்கு 20 அடி சேர்த்து மொத்தம் 240 அடி, 73 மீட்டர். மணிக்கு 2,000 லிட்டருக்கு ஒன்றரை ஹெச்பி போதும். கம்பெனி தர்ற ஹெட் (தண்ணியை ஏத்துற மொத்த உயரம்) அட்டவணையில் 73 மீட்டர் வரிசையில் எத்தனை லிட்டர்னு பார்த்து வாங்குங்க. பெட்டி மேல் அச்சடிச்ச ‘அதிகபட்ச ஹெட்’ என்பது தண்ணியே வராத புள்ளி. கேபிள் 4 சதுர மி.மீ. போடுங்க. இரண்டரையில் அந்தத் தூரத்துக்கு வோல்டேஜ் 5 சதவீதம் வரை இறங்கும். நம்ம பக்கம் கோடையில் லைனே குறைவா வரும்போது அது வேண்டாம்.

பதிவு 12: பீக்கர்

அளவு சரியாயிற்று, இப்போது தரம். ஆர்.ஓ. கம்பெனி என்ன சோதனையை வைத்து விலை சொன்னது? பாக்கெட் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள மொத்த உப்பு) மீட்டர் மட்டும் என்றால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். அந்த மீட்டர் மின்கடத்துதிறனை அளந்து ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. ஃபுளோரைடு, நைட்ரேட், கிருமி எதுவும் அதற்குத் தெரியாது.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். மாதிரி எடுக்கும் முறை: மோட்டாரை 15 நிமிடம் ஓட்டிய பிறகு, போர் வாயிலிலேயே பிடியுங்கள். டேங்கிலிருந்து வேண்டாம். 2 லிட்டர் புதிய கேனை அதே தண்ணீரால் மூன்று தடவை அலசிவிட்டு, விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் தனியாகப் பிடியுங்கள். அதை அலசக் கூடாது. ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து அன்றைக்கே கொண்டுபோக வேண்டும்.

பதிவு 13: திருமங்கலம்_12வீடு

மேடம், ரிப்போர்ட் வந்துடுச்சு. பிஎச் 7.6. டிடிஎஸ் 1,400. மொத்தக் கடினத்தன்மை 680. கால்சியம் 60, மெக்னீசியம் 129. காரத்தன்மை 520. குளோரைடு 420. சல்பேட் 120. நைட்ரேட் 38. இரும்பு 0.2. ஃபுளோரைடு 1.8. பிஎச் தவிர எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம். கோலிஃபார்ம் கிருமி இல்லை.

பதிவு 14: பீக்கர்

இந்திய தர நிர்ணயமான ஐ.எஸ். 10500: 2012படி வாசிக்கிறேன். வேறு தண்ணீரே கிடைக்காத நிலையில் அனுமதிக்கும் உச்ச அளவு என்று ஒன்று உண்டு. அதில் டிடிஎஸ் 2,000, கடினத்தன்மை 600, மெக்னீசியம் 100, குளோரைடு 1,000, ஃபுளோரைடு 1.5, நைட்ரேட் 45. உங்களுக்கு மீறியிருப்பவை மூன்று: கடினத்தன்மை, மெக்னீசியம், ஃபுளோரைடு. நைட்ரேட் எல்லைக்கு உள்ளேதான், ஆனால் நெருங்கி நிற்கிறது. செப்டிக் டேங்குக்கும் போருக்கும் 50 அடியாவது இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

இவற்றில் உடம்பைத் தொடுவது ஃபுளோரைடு. பல்லில் கறை, நீண்ட காலத்தில் எலும்பு பாதிப்பு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்த வேண்டாம். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகப் போவதால் மீதியில் அது இன்னும் கூடும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கட்டடம் முழுக்க ஆர்.ஓ. வேண்டாம் என்பதற்குக் காரணம் உங்கள் ஈல்டு டெஸ்ட்டிலேயே இருக்கிறது. பாதி மீட்பு கிடைத்தாலும், அதாவது உள்ளே போகும் தண்ணீரில் பாதி நல்ல தண்ணீராக வந்தாலும், 6,500 லிட்டர் நல்ல தண்ணீருக்கு 13,000 லிட்டர் எடுக்க வேண்டும். மே மாதத்தில் உங்கள் போர் அதைத் தராது. குளிக்கவும் கழிவறைக்கும் ஆர்.ஓ. தண்ணீர் தேவையும் இல்லை. குடிக்க, சமைக்க வீட்டுக்கு 20 லிட்டர், மொத்தம் 240 லிட்டர். மணிக்கு 100 லிட்டர் தரும் ஒரு சின்னப் பிளாண்ட்டை கீழ்த்தளத்தில் வைத்து இரண்டரை மணி நேரம் ஓட்டினால் முடிந்தது. 40 சதவீத மீட்பில் 600 லிட்டர் உள்ளே போகும், 360 லிட்டர் கழிவாக வரும். அந்தக் கழிவின் டிடிஎஸ் சுமார் 2,300. கழிவறை ஃப்ளஷ் டேங்குக்கு விடலாம், செடிக்கு ஊற்ற வேண்டாம், மழைநீர்க் குழிக்குள் ஒருபோதும் விட வேண்டாம். அங்கே விட்டால் உங்கள் போருக்கே திரும்பி வரும்.

மெம்பிரேன் (ஆர்.ஓ.வுக்குள் வடிகட்டும் சவ்வு) நன்றாக இருக்கும்போது ஃபுளோரைடு 0.2 பக்கம் இறங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வெளிவரும் தண்ணீரை ஃபுளோரைடுக்கு மட்டும் சோதனை கொடுங்கள்.

பதிவு 15: திருமங்கலம்_12வீடு

ஆக்டிவேட்டட் அலுமினா ஃபில்டர் மலிவா வருதே, அது ஃபுளோரைடை எடுக்கும்னு சொன்னாங்க. கடினத்தன்மைக்கு சாஃப்ட்னர் முழுக் கட்டடத்துக்கும் போடலாமா? மாடியில் சோலார் ஹீட்டர் ரெண்டே வருஷத்தில் அடைச்சுக்குது.

பதிவு 16: பீக்கர்

அலுமினா எடுக்கும், ஆனால் பிஎச் 5.5 முதல் 6.5க்குள் இருக்கும்போதுதான் நன்றாக எடுக்கும். உங்களுக்கு 7.6, காரத்தன்மையோ 520. பைகார்பனேட் அதே இடத்துக்குப் போட்டி போடும், சீக்கிரம் தீர்ந்துவிடும். தீர்ந்துவிட்டதை நிறமோ சுவையோ காட்டாது. பராமரிக்க ஆள் இல்லாத அடுக்குமாடியில் அது ஆபத்து.

சாஃப்ட்னர் கணக்கு: சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசின் மணிகள் ஒரு லிட்டர் ஏறக்குறைய 45 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். நாளைக்கு 6,500 லிட்டர், லிட்டருக்கு 680 மில்லிகிராம் என்றால் 4.4 கிலோ. 100 லிட்டர் ரெசின் வைத்துத் தினமும் உப்பு போட்டுப் புதுப்பிக்க வேண்டும். ஒரு தடவைக்குச் சுமார் 12 கிலோ உப்பு, மாதம் 360 கிலோ. அத்தனை உப்புக் கழிவையும் கரிசல் மண்ணில் விடப் போகிறீர்களா? தவிர சாஃப்ட்னர் டிடிஎஸ்ஸைக் குறைப்பதில்லை. கால்சியம், மெக்னீசியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைப் போடுகிறது. 680 கடினத்தன்மை போனால் லிட்டருக்கு 310 மில்லிகிராம் சோடியம் கூடும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைக் குடிக்கக் கூடாது.

சோலார் ஹீட்டருக்குப் போகும் குழாயில் மட்டும் போடுங்கள். வீட்டுக்கு 100 லிட்டர், 1,200 லிட்டர். 25 லிட்டர் ரெசின் 1,650 லிட்டர் வரை தாங்கும், ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் 3 கிலோ உப்பு. புதுப்பிக்கும் நேரத்தை லிட்டர் கணக்கில் வையுங்கள், நாள் கணக்கில் வேண்டாம். காந்தம், அலை என்று குழாயின் வெளியே மாட்டும் கருவிகளுக்கு ஒரே சோதனை: முன்னும் பின்னும் கடினத்தன்மையை ஆய்வகத்தில் அளந்தால் எண் மாறாது.

பதிவு 17: ஊருணிக்கரை

அந்த 180 அடி வற்றிய போரைப் பற்றி யாருமே பேசவில்லையே. எனக்கு அதுதான் இந்த இடத்தின் நல்ல சொத்தாகத் தெரிகிறது.

6,000 சதுர அடி மாடி என்பது 557 சதுர மீட்டர். மதுரைப் பக்கம் ஆண்டு மழை சராசரியாக 850 மி.மீ. என்று வைத்து, 80 சதவீதம் பிடித்தால் ஏறக்குறைய 3,80,000 லிட்டர். உங்களுடைய 58 நாள் தேவை. தவிர, மழைநீரில் ஃபுளோரைடும் உப்பும் அனேகமாகக் கிடையாது. ஊற்றுக்குள் போய்ச் சேரச் சேர அங்கே இருப்பதை நீர்க்க வைக்கும். கண்மாய் நிரம்பிய வருஷம் பக்கத்துக் கிணறுகள் இனிப்பதற்கும் இதுதான் காரணம். மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பனையூர்க் கால்வாயில் தண்ணீர் வந்தால் சுற்றுவட்டாரத் தெருக்களின் போர்கள் ஏறுவதும் இதே கணக்குத்தான்.

கரிசலில் சாதாரண உறிஞ்சுகுழி வேலை செய்யாது. முதல் மழையில் களி உப்பி வெடிப்பெல்லாம் அடைந்துவிடும், குழியில் தண்ணீர் நாள்கணக்கில் நின்று கொசுதான் வரும். களியைத் தாண்டி மக்கிய பாறைக்குள் தண்ணீரை இறக்க ஒரு துளை வேண்டும். அந்தத் துளை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அது குடிக்குமா என்று முதலில் பாருங்கள். அதுவும் ஆறரை இஞ்ச் போர் என்றால், ஒரு 1,000 லிட்டர் தண்ணீரை ஊற்றினால் ஏறக்குறைய 154 அடி நிற்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை அடி இறங்குகிறது என்று அளங்கள். 100 அடி இறங்கினால் மணிக்கு 650 லிட்டர் குடிக்கிற போர், தாராளமாகப் போதும். 10 அடிகூட இறங்கவில்லை என்றால் கம்ப்ரஸர் வைத்து ஃப்ளஷ் பண்ணிவிட்டு மறுபடி பாருங்கள்.

மாடித் தண்ணீர் நேராகப் போருக்குள் விழக் கூடாது. ஒவ்வொரு மழையிலும் முதல் 2 மி.மீ., அதாவது சுமார் 1,100 லிட்டர், காக்காய் எச்சமும் தூசியும் கலந்தது. அது வெளியே போக வால்வு வையுங்கள். அடுத்து ஒரு வண்டல் தொட்டி. அதன் பிறகு வடிகட்டி: அடியில் 40 மி.மீ. ஜல்லி ஓர் அடி, மேலே 20 மி.மீ. ஜல்லி அரை அடி, அதன் மேல் நைலான் வலை, அதன் மேல் கழுவிய ஆற்று மணல் ஓர் அடி. எம் சாண்ட் வேண்டாம், அதில் இருக்கும் கல்தூள் ஒரே பருவத்தில் அடைத்துவிடும். வடிகட்டியின் அடியிலிருந்து குழாய் வழியாகப் பழைய போருக்கு. பலத்த மழையில் ஒரு மணி நேரத்துக்கு 20,000 லிட்டருக்கு மேல் வரும், போர் அவ்வளவு குடிக்காது. அதனால் மிகையை முதலில் சம்ப்புக்கும், சம்ப்பும் நிறைந்தால் தெரு வடிகாலுக்கும் விட வழி வையுங்கள்.

புரட்டாசி பிறப்பதற்கு முன்னால் மேல் மணலை இரண்டு அங்குலம் சுரண்டி மாற்றுங்கள். ஐப்பசி மழை வந்த பிறகு சுத்தம் செய்ய நேரம் கிடைக்காது.

பதிவு 18: ரிக்_மேலூர்

அந்தப் பழைய போர் வாயை இன்னைக்கே மூடுங்க. சாக்குப் பையும் கல்லும் மூடி ஆகாது. கேசிங் மேல இரும்பு மூடி வச்சு போல்ட் முறுக்கணும். சுத்தி சிமெண்ட் மேடை, தரைக்கு மேல ஓர் அடி, கீழ ஓர் அடி. உச்ச நீதிமன்றம் 2010ல் சொன்ன விதியே இதுதான். மழைநீருக்குப் பயன்படாதுன்னு முடிவானா அடியிலிருந்து வாய் வரைக்கும் மண்ணும் கல்லும் போட்டு நிரப்பிடுங்க. சின்னப் பிள்ளைங்க விளையாடுற காம்பவுண்டு அது.

இன்னொன்னு. பின்னாடி எப்பவாவது புதுப் போர் போட வேண்டி வந்தா, உள்ளாட்சி அனுமதி வாங்கி, பதிவு பண்ணின வண்டியா பார்த்துக் கூப்பிடுங்க. கேசிங் கெட்டிப் பாறைக்குள்ள ரெண்டு அடியாவது இறங்கணும், சுத்தி சிமெண்ட் பால் ஊத்தணும். மேல் மண் தண்ணி உள்ளே இறங்குறது அங்கேதான். ஆழத்தை ராடு எண்ணிப் பாருங்க. ஒரு ராடை டேப் வச்சு அளந்துக்கங்க, பெரும்பாலும் 20 அடி. 420 அடின்னா 21 ராடு. ஒவ்வொரு ராடுக்கும் என்ன நேரம், பொடி என்ன நிறம், எங்கே ஈரம்னு ஒரு நோட்டில் எழுத ஓர் ஆளை நிறுத்துங்க. பத்து வருஷம் கழிச்சு மோட்டார் மாத்துறவனுக்கு அந்த நோட்டுதான் கண்ணு.

பதிவு 19: திருமங்கலம்_12வீடு

எல்லாருக்கும் நன்றி. கூட்டத்தில் வைக்கப் போறது: டைமரும் ட்ரை ரன் ரிலேவும் இந்த வாரம். பழைய போருக்கு மூடி நாளைக்கே, 1,000 லிட்டர் ஊற்றிப் பார்க்கிறது ஞாயிற்றுக்கிழமை. குடிநீருக்கு மணிக்கு 100 லிட்டர் ஆர்.ஓ. சோலார் லைனுக்கு 25 லிட்டர் சாஃப்ட்னர். புதுப் போர் இப்போ இல்லை. செப்டிக் டேங்க் அளந்தோம், 62 அடி இருக்கு.

ஒரே சந்தேகம். கால்வாயிலும் கண்மாயிலும் தண்ணி வந்த பிறகு டைமரை 12 நிமிஷத்திலிருந்து 20க்கு ஏத்தலாமா?

பதிவு 20: ஸ்டேஜ்பம்ப்

ஏத்தலாம், ஆனா மட்டத்தை அளந்துட்டு ஏத்துங்க. 20 நிமிஷ ஓட்டம் முடியுற நேரத்தில் டேப் 200 அடி ஆழத்துக்குள்ளேயே பீப் அடிச்சா அப்படியே விடுங்க. 240ஐத் தொட்டா 15க்கு இறக்கிடுங்க. அந்த முக்கால் இஞ்ச் அளவுக்குழாயின் அடிமுனையில் கேப் போட்டுடாதீங்க, பிளம்பர் பழக்கதோஷத்தில் போட்டுடுவார். அது திறந்திருந்தாத்தான் உள்ளேயும் வெளியேயும் மட்டம் ஒண்ணா நிக்கும்.